சத்தம் வெளியே வராத அறை

இந்த அறையில் எதிரொலி கொஞ்சம் அதிகம், மேடம். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான்கு பக்கமும் வெறும் சுவர், தரையில் டைல்ஸ், மேஜையோ இரும்பு. நான் பேசுவதெல்லாம் உங்கள் ரெக்கார்டரில் குடத்துக்குள் பேசியதைப் போலத்தான் விழும். அந்த ஜன்னலுக்குக் கனமாக ஒரு திரை போடுங்கள். எதிர்ச்சுவரில் பழைய கோப்புகளை அடுக்க ஒரு திறந்த அலமாரி வையுங்கள். பாதி எதிரொலி போய்விடும். மீதிப் பாதிக்குத்தான் என்னைப் போன்ற ஆட்கள்.

வீட்டிலேயே பாட்டோ பேச்சோ பதிவு செய்கிறவர்களுக்கு அறை அமைத்துக் கொடுப்பது என் வேலை. பெரிய ஸ்டுடியோக்காரர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். துணி காயப்போடும் அறையையும் சாமான் அறையையும் ஸ்டுடியோவாக்க ஆசைப்படுகிறவர்கள்தான் கூப்பிடுவார்கள். பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர்கள், கதை வாசிக்கிறவர்கள், ஆபீஸ் விட்டு வந்து கிடாரைத் தூக்குகிறவர்கள். கையைக் கடிக்காமலும் முடிய வேண்டும், பார்த்தால் ஸ்டுடியோ மாதிரியும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் பிழைப்பு ஓடியது.

முட்டை அட்டையை வாங்கி நான்கு சுவரிலும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் கூரை வரைக்கும் ஒட்டியிருந்தார். கோழி ஒன்றுதான் பாக்கி என்றேன். அவர் அதற்கப்புறம் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. முட்டை அட்டை எதிரொலியையும் அடக்காது, சத்தத்தையும் தடுக்காது. ஆனால் தீக்குச்சியைக் காட்டினால் நன்றாக எரியும். அந்த மனிதரை அன்றைக்கு நான் ஒருவிதத்தில் காப்பாற்றினேன் என்றே சொல்லலாம்.

சரி, தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். தொழிலைச் சொல்லாமல் தம்பியைச் சொல்ல முடியாது, அதனால்தான் சுற்றி வருகிறேன்.

இந்த ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்தேன் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். என் தம்பி இறந்தது விபத்து என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டாகிவிட்டது. அவன் மனைவி ஏற்றுக்கொண்டாள், தீயணைப்புக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள், தெருவே ஏற்றுக்கொண்டது. நான் பேசாமல் இருந்திருந்தால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கப் போவதில்லை.

எங்கள் தெருவில் எங்களை மெத்தை, மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மெத்தை. சின்ன வயதிலேயே மெத்தைக் கடையில் பஞ்சு வெட்டப் போனவன். தம்பி மைக். அவனுக்கு அப்படி ஒரு குரல். தண்ணீர் வரவில்லை என்று அவன் சொன்னால்கூட நாலு பேர் நின்று கேட்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால், மெத்தையும் மைக்கும் கிளம்பிட்டாங்க என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. அவனைத் தூக்கி வளர்த்தவன் நான். அவனை யாராவது பாராட்டினால் எனக்குத்தான் முதலில் முகம் மலரும்.

அவன் கதை வாசிப்பான், விளம்பரம் பேசுவான். வாரம் ஒரு நிகழ்ச்சியும் செய்துகொண்டிருந்தான். வீட்டில் குறைந்த செலவில் ஸ்டுடியோ அமைப்பது எப்படி, எந்த மைக் வாங்கலாம், எதில் ஏமாறக்கூடாது, இந்த மாதிரி விஷயங்கள். நிறையப் பேர் கேட்டார்கள். கேட்டவர்கள் அறை அமைக்க யார் இருக்கிறார்கள் என்று அவனிடமே விசாரிப்பார்கள். அவன் என் நம்பரைக் கொடுப்பான். எனக்கு வந்த வேலையெல்லாம் அப்படி வந்ததுதான். அதை நான் மறுக்கவில்லை.

சுவரில் ஒட்டுகிற பொருளில் இரண்டு வகையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒன்று ராக்வூல். கல்லை உருக்கி நூலாக இழுத்துச் செய்கிற கம்பளி. மரச்சட்டத்தில் அடைத்து மேலே துணியைச் சுற்றினால் எதிரொலிக்கு அதைவிட நல்லது கிடையாது. தீயை வைத்தாலும் எரியாது. ஆனால் தொட்டால் கையெல்லாம் அரிக்கும், வேலை இழுக்கும், முடித்த பிறகு பார்த்தால் ஆஸ்பத்திரித் தடுப்பு மாதிரி இருக்கும். இன்னொன்று ஃபோம். கூம்பு கூம்பாக வெட்டிய கறுப்பு ஷீட். ஸ்டுடியோ என்றால் எல்லாருக்கும் கண்ணில் வந்து நிற்பது அதுதான். நான் ராக்வூலைப் பற்றி எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அது வேணாங்க, அந்தக் கறுப்பா கூர்கூரா இருக்குமே, அதைப் போடுங்க என்பார்கள்.

ஃபோமிலும் தீப்பிடிக்காதது என்று தனியாக உண்டு. நெருப்பை வைத்தால் கருகும், நெருப்பை எடுத்தால் தானே அணைந்துவிடும். அதில் ஒரு துண்டை எப்போதும் பையில் வைத்திருப்பேன். வாடிக்கையாளர் முன்னால் லைட்டரைக் கொளுத்தி அதன் மூலையில் பிடிப்பேன். கருகி, புகைந்து, அணைந்துவிடும். வீட்டில் உள்ள பெண்களும் குழந்தைகளும் வந்து நின்று பார்ப்பார்கள். ஒரு பாட்டு டீச்சர் கையே தட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் பேரமே நடக்காது.

அந்த ஷீட் வெளியூரிலிருந்து வர வேண்டும். சொன்ன தேதிக்கு வராது. வாடிக்கையாளர்களோ இன்றைக்குச் சொன்னால் நேற்றே முடிக்க வேண்டும் என்கிற ரகம். ஒருமுறை சரக்கு வராமல் நான் மெத்தைக் கடைக்குப் போனேன். பழைய முதலாளி கறுப்புச் சாயம் போட்ட மெத்தை ஃபோமைக் கூம்பு கூம்பாக வெட்டிக் கொடுத்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. எதிரொலியையும் ஓரளவு அடக்கியது. அதற்கப்புறம் வெளியூருக்கு ஆர்டர் கொடுப்பதை விட்டுவிட்டேன். பையில் இருந்த துண்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். நான் பொய் சொன்னதாக நீங்கள் நினைக்கலாம். அந்தத் துண்டு தீப்பிடிக்காது என்றுதான் காட்டினேன். அது உண்மையிலேயே தீப்பிடிக்காது.

தம்பியின் அறையில் மட்டும் நான் ஃபோம் வைக்கவில்லை. ராக்வூல்தான். சட்டம் அடித்து, துணி சுற்றி, கை இரண்டும் தடித்துப்போய், பார்த்துப் பார்த்துச் செய்தேன். என் மனதில் அவனுக்கு என்ன இடம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி தேவையில்லை.

பாட்டு டீச்சர் வீட்டு வேலை முடிந்ததும் மிஞ்சிய ஷீட்டை அவன் கேட்டான் என்று கொடுத்தேன். அங்கேதான் தப்பு நடந்தது. மேஜைமேல் அதை விரித்துப்போட்டு, அறுந்த மைக் ஒயரை அதன்மேல் வைத்து சால்டரிங் செய்திருக்கிறான். ஈயத்தை உருக்குகிற சூடான முனை ஷீட்டில் பட்டிருக்கிறது. பட்டதும் பற்றிக்கொண்டு, உருகி, எரிந்தபடியே தரையில் சொட்டியிருக்கிறது. செருப்பால் அடித்து அணைத்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டு நேராக என் பட்டறைக்கு வந்தான்.

"அண்ணா, இதுதானே டீச்சர் வீட்டுல ஒட்டியிருக்க?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"நீ லைட்டர் வெச்சுக் காட்டினது இது இல்லையே."

நான் வெட்டிக்கொண்டிருந்த பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. எல்லாரும் செய்யுறதுதான்டா என்றேன். வீட்டுக்குள்ளே உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவர்கள் தீயோடு விளையாடப் போகிறார்களா என்ன என்றும் கேட்டேன்.

"அந்த ரூம்ல பசங்க உக்காந்து பாடுதுங்கண்ணா. ஒரு ஒயர் சூடானா போதும். நீயே எத்தனை தடவை எங்கிட்ட சொல்லியிருக்க." கருகிய ஷீட்டை என் பலகைமேல் போட்டான். "எனக்கு மட்டும் கல்லுக் கம்பளி. ஊருக்கெல்லாம் மெத்தையா? எனக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணா?"

அந்தக் கேள்வியை நான் பிறகு பல நாள் யோசித்தேன். நியாயமான கேள்விதான்.

எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டுக் கழற்றிவிடலாம் என்றான். நானும் கூட வரேன், கழட்டுறதும் நானே கழட்டுறேன் என்றான். சரி என்றேன். வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை, மழை வருகிறது என்று நாள் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அவன் வந்து, நிகழ்ச்சியில் சொல்லிவிடப் போகிறேன் என்றான்.

"உன் பேரைச் சொல்ல மாட்டேண்ணா. நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம், எங்க கிட்ட வேலை கொடுத்தவங்க எல்லாம் உடனே அந்த ரூமைப் பயன்படுத்துறதை நிறுத்துங்கன்னு சொல்றேன். நாங்கன்னுதான் சொல்லுவேன். பழி வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும்."

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் அந்த 'நாங்க' எனக்கு மிகவும் வலித்தது. அவனுக்குப் பழி வந்தால் நாலு பேர் பரிந்துகொண்டு வருவார்கள். அவ்வளவு உண்மையான மனிதனா என்று இன்னும் நாலு பேர் அவன் நிகழ்ச்சியைக் கேட்க வருவார்கள். எனக்கு என்ன இருக்கிறது? இந்த ஊரில் மெத்தை என்று கூப்பிட்டவர்கள் இப்போதுதான் மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போது நல்ல மழைக்காலம். தம்பி வீட்டு அறையில் ஒரு சுவர் ஓதமெடுத்து, ராக்வூல் சட்டத்தின் துணி நனைந்து நாற்றம் வந்தது. அவன் மகள், குட்டிப் பாப்பா, அந்தப் பக்கம் போய்விட்டு வந்து சொறிந்துகொண்டே இருந்தாள். இதை மாற்றித் தருகிறேன், இந்தத் தடவை உனக்கு நிஜமான தீப்பிடிக்காத ஃபோம் போடுகிறேன் என்றேன். வேலை முடிந்ததும் நீ நிகழ்ச்சியைப் பதிவு செய், நான் தடுக்கவில்லை என்றேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டான்.

ஃபோம் கட்டு வந்து இறங்கியதும் அவனே மேலே இருந்த ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி, அவனே லைட்டரைப் பிடித்துப் பார்த்தான். கருகி அணைந்தது. "இப்ப நம்புறேண்ணா. மன்னிச்சுக்க, சோதிச்சுப் பார்க்கணும்னு தோணிச்சு" என்றான். சோதிக்கிறது நல்லதுடா என்றேன். மேலே இருந்தது ஒரே ஒரு நல்ல ஷீட். கீழே இருந்ததெல்லாம் மெத்தைக் கடைச் சரக்கு. அண்ணன் கொண்டுவந்த கட்டிலிருந்து இரண்டாவது ஷீட்டையும் வெட்டிப் பார்க்கிற தம்பி எந்த வீட்டிலும் இருக்க மாட்டான்.

எல்லாருக்கும் போட்டதைத்தான் அவனுக்கும் போட்டேன். அவன் கேட்டது அதுதானே. அவனுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்கிற பேச்சு அதற்கப்புறம் இல்லாமல் போனது.

கழற்றிய ராக்வூலை வீணாக்க மனம் வரவில்லை. காய வைத்து எடுத்துப்போய் என் மகன் டிரம்ஸ் அடிக்கிற அறையில் வைத்தேன். என் வீட்டில் வேறு எதையும் நான் ஒட்டியதில்லை.

தம்பி அறையில் செய்த வேலையைப் பற்றி நீங்கள் விவரமாகக் கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். அவனிடம் பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டர், ஸ்பீக்கர், விளக்கு எல்லாமே அதில்தான். தொட்டால் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மேஜைமேல் திறந்தாற்போல் கிடந்த அதைக் கதவு ஓரத்தில், சுவருக்கும் ஃபோமுக்கும் நடுவில் மறைத்துப் பொருத்தினேன். ஒயர் எதுவும் கண்ணில் படாமல் அறை சுத்தமாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அழகாயிருக்கிறது என்றார்கள். வெளியே பைக் போகிற சத்தம் விழுகிறது என்று அவன் அடிக்கடி சொல்வான், அதனால் ஜன்னலைப் பலகை வைத்து நிரந்தரமாக மூடிவிட்டேன். கதவையும் மாற்றினேன். கனமான கதவு, சுற்றிலும் ரப்பர், உள்ளேயிருந்து இரண்டு கையாலும் இழுத்தால்தான் திறக்கும். மூடிவிட்டால் ஒரு மூச்சுச் சத்தம்கூட வெளியே வராது. அவ்வளவு நல்ல கதவை நான் வேறு யாருக்கும் செய்ததில்லை.

புகை வந்தால் அலறுகிற கருவி ஒன்றை அவன் வாங்கிக் கூரையில் மாட்டியிருந்தான். அந்த சால்டரிங் சம்பவத்துக்குப் பிறகு வாங்கியது. நான் ஒட்டுகிற பசையின் வாடைக்கு அது ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். திரும்பப் போட மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாமா என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். மறக்கவில்லை. கருவியைப் பழையபடி மாட்டிவிட்டு, பேட்டரியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

ஆனால் நான் தீ வைக்கவில்லை, மேடம். அதை நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். எப்போது நடக்கும் என்றும் எனக்குத் தெரியாது. நடக்காமலே போயிருக்கலாம். பாட்டு டீச்சர் வீட்டில் இன்றுவரை நடக்கவில்லையே. நான் ஒரு அறையை அமைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

அது நடந்தது ஒரு சாயங்காலம், வெயில் தாழ்கிற நேரம். அவன் பதிவு செய்யப் போவதாகச் சொல்லியிருந்ததால் நானும் போனேன். இன்னும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று. வேண்டாம்டா, எனக்காக விட்டுவிடு என்றேன். அவன் சிரித்தான்.

"நீ ஹால்ல உக்காருண்ணா. முடிச்சதும் உனக்குத்தான் மொதல்ல போட்டுக் காட்டுவேன். உனக்குப் பிடிக்காததை வெட்டிடலாம். ஆனா டீச்சர் வீட்டு விஷயத்தை மட்டும் வெட்ட முடியாது."

கதவைச் சாத்திக்கொண்டான். கதவுக்கு மேலே இருந்த சிவப்பு பல்ப் எரிந்தது.

அந்த பல்பைப் பற்றி உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அது எரிந்தால் உள்ளே பதிவு ஓடுகிறது. கதவைத் திறக்கக் கூடாது, தட்டக் கூடாது, பக்கத்தில் நின்று பேசக் கூடாது. எந்த ஸ்டுடியோவிலும் இதுதான் சட்டம். தம்பி வீட்டில் அது இன்னும் கறார். ஒருமுறை பாப்பா கதவைத் தள்ளித் திறந்து, முக்கால்வாசி முடிந்த கதை கெட்டுப்போய், அவன் தொண்டை கட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து சிவப்பு எரிந்தால் அந்த வீட்டில் மிக்ஸிகூட ஓடாது. பாப்பாவே விரலை உதட்டில் வைத்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நடப்பாள்.

அவன் மனைவி எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடிப்பதற்குள் எனக்கு வாடை வந்துவிட்டது. மெத்தைக் கடையில் வளர்ந்தவனுக்கு அந்த வாடை தெரியாமல் இருக்காது. நான் டீயைக் குடித்தேன். கொஞ்சம் கழித்து அவளும் முகத்தைச் சுளித்தாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, ஏதோ கருகுற வாடை வரல? அடுப்புல ஒண்ணும் இல்லையே."

"பின்னாடி எவனாவது குப்பையைக் கொளுத்தியிருப்பாம்மா."

அவள் போய்ச் சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். வந்தவள் ஹாலில் நின்று மோந்து பார்த்தாள். பிறகு அந்தக் கதவைப் பார்த்தாள்.

"இல்ல மாமா. உள்ளேருந்துதான் வருது."

கதவின் கைப்பிடியில் கையை வைத்தாள். நான் எழுந்து போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அழுத்திக்கூடப் பிடிக்கவில்லை.

"சிவப்பு எரியுதும்மா. பாதியில கெடுத்தா அவன் என்ன ஆட்டம் ஆடுவான்னு உனக்குத் தெரியாதா? பழைய ஒயர் எதையாவது சால்டர் வெச்சிருப்பான், அந்த வாடை. முடிச்சுட்டு வரட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள், பல்பைப் பார்த்தாள், கையை எடுத்துவிட்டாள். எதற்கும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நில், இந்த வாடை குழந்தைக்கு ஆகாது, நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் நான் தெளிவாக இருந்தேன். நான் கொடியவன் என்றால் அது எனக்குத் தோன்றியிருக்குமா?

அவள் போன பிறகு நான் கதவடியில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பல்ப் தானாக அணைந்தது. உள்ளே ஒயர் எரிந்துபோயிருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கதவைத் திறந்தேன். பல்ப் அணைந்தால் திறக்கலாம். கைப்பிடி பழுக்கக் காய்ந்திருந்தது, என் உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பாருங்கள், இன்னும் ஆறவில்லை. புகை கறுப்பாகத் தள்ளிக்கொண்டு வந்தது. நான் கத்தினேன். அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள்.

இந்தக் கையைப் பார்த்துத்தான் தெருவில் எல்லாரும் அண்ணன்னா இப்படியில்ல இருக்கணும் என்கிறார்கள். தம்பி மனைவி எனக்குச் சோற்றைப் பிசைந்து உருண்டையாக்கி ஸ்பூனில் வைத்து நீட்டுகிறாள். நான்தான் கதவைத் திறந்திருக்கணும் மாமா, அந்தப் பாழாப்போன பல்பைப் பாத்துக்கிட்டு நின்னுட்டேனே என்று அழுகிறாள். நான் அவள் கையைப் பிடித்தது அவளுக்கு நினைவிலேயே இல்லை. அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவளுக்காகத்தான் வந்தேன்.

இன்றைக்கு ஏன் வந்தாய் என்று நீங்கள் கேட்டதற்கும் அதுதான் பதில். நேற்று தீயணைப்பு அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து அறையைப் பார்த்தார். வாசலில் நின்று அவளிடம், "இது தொழில் தெரியாதவன் எவனோ செஞ்ச வேலைம்மா. பாக்ஸை யாராவது பஞ்சுக்குப் பின்னாடி வைப்பாங்களா? விவரம் பத்தல, பாவம்" என்றார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு நான்தான் செய்தேன் என்று தெரியாது. அவளும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அறையில் நான் விவரம் தெரியாமல் செய்தது ஒன்றுகூடக் கிடையாது. பாக்ஸ் எங்கே இருக்கக் கூடாதோ அங்கே இருந்தது என்றால், எங்கே இருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும் என்றுதானே அர்த்தம்.

அறை அமைத்துக் கொடுத்த வீடுகளைக் கேட்டீர்கள். ஒன்று விடாமல் சொல்கிறேன். முதலில் பாட்டு டீச்சர் வீட்டுக்கு ஆளை அனுப்புங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் குழந்தைகள் அங்கே வந்துவிடும். தம்பி சொல்ல நினைத்தது அதுதான், அதை நானே சொல்லிவிட்டேன். ஷீட்டைக் கழற்றும்போது பசையோடு சுவர்ப் பூச்சும் பெயர்ந்து வரும், பார்த்துக் கழற்றச் சொல்லுங்கள். பொருளில்தான் குறை, வேலையில் குறையில்லை என்றும் அவர்களிடம் சொன்னால் நன்றாயிருக்கும்.

கடைசியாக, அவள் வாசலுக்குப் போனதிலிருந்து பல்ப் அணைகிறவரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டீர்கள். நின்றுகொண்டிருந்தேன். வெறுமனே நிற்கவில்லை, கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் ஒரு படத்தைக் காட்டினீர்கள். கதவின் உள்பக்கம் முழுக்கக் குழி குழியாக இருக்கிறது, மைக் ஸ்டாண்டைத் தூக்கி அடித்திருக்கிறான் என்றீர்கள். இருக்கலாம். காதில் லேசாக ஏதோ அதிர்ந்தது. என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவன் கூப்பிட்டால் திறந்துவிட வேண்டும் என்றுதான், மேடம், கைப்பிடிக்குப் பக்கத்திலேயே கையை வைத்துக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவன் குரல் எனக்குத் தெரியாதா? அண்ணா என்று ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவு நேரம் காதை வைத்துக் கேட்டேன். அவன் என்னைக் கூப்பிடவே இல்லை.